புளி போட்ட இரண்டு ராப்பன்

சுவிஸின் சோலோதுர்ன் நகரில், ரயில் பாதையை ஒட்டி நின்ற அந்த நாலுமாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த நாள் முதல் சண்முகலிங்கம் இரண்டு பேருக்குத்தான் பயந்தார். ஒருவர், தலைநகர் பேர்னில் இருந்துகொண்டு அவருடைய அகதி விண்ணப்பத்தைப் பார்க்கும் முகம் தெரியாத அதிகாரி. மற்றவர், கீழ்வீட்டில் இருந்துகொண்டு அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்கும் ஹெர் யெகி. அதிகாரி மூன்று வருடத்தில் இரண்டு கடிதம் போட்டிருந்தார். ஹெர் யெகி முதல் மாதத்திலேயே நாலு போட்டுவிட்டார்.

ஹெர் யெகி, அதாவது திருவாளர் யெகி, அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். ஐம்பத்தாறு வயது, கலியாணம் கட்டாதவர், கதவுக் கைபிடியில் விரல் அடையாளம் கண்டால் கைக்குட்டையை எடுக்கிற ஆள். அவர் எழுதிய நாலு கடிதமும் நிலவறையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் அறையைப் பற்றியவை. பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே மெஷின். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று கதவில் ஓர் அட்டவணை தொங்கும். மற்றப் பெயர்கள் எல்லாம் மையில்; சண்முகலிங்கத்தின் பெயர் மட்டும் பென்சிலில். இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகக்கூடியவர்களுக்காக நல்ல அட்டவணையை ஏன் பாழாக்குவான் என்ற முன்யோசனை. அதில் சண்முகலிங்கத்துக்குக் கோபமில்லை. பென்சிலில் எழுதியும் அந்தப் பெயர் புதன்கிழமைக் கட்டத்துக்குள் அடங்காமல் வியாழனுக்குள் புகுந்துவிட்டதுதான் வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமைக்காரி அதற்கும் முறைப்பாடு கொடுத்திருந்தாள்.

ஐந்தாவது கடிதத்துக்குப் பதிலாக ஹெர் யெகி ஆளாகவே வந்து மணியடித்தார். கையில் ஒரு காசு. மெஷினின் வடிகட்டிக்குள் அகப்பட்டதாம்.

"காற்சட்டைப் பையைப் பாக்காமப் போட்டிட்டன்" என்று சண்முகலிங்கத்தின் மனைவி சிவகலா மெதுவாகச் சொன்னாள். "இனி மெஷின் உடைஞ்சதெண்டு சொல்லப்போறார். நீங்களே கதையுங்கோ." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அது இலங்கைப் பத்துச்சதம். ஹெர் யெகி அதை விளிம்பால் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"இதன் ஓரம் ஏன் இப்படிப் பூ மாதிரி வளைந்திருக்கிறது?"

சண்முகலிங்கத்தின் ஜெர்மன் முழுவதும் ஓர் உணவகத்தின் பாத்திரம் கழுவும் தொட்டியில் படித்தது. பெரிய பானை, சின்னப் பானை, உடனே, மன்னிக்கவும். இவற்றை வைத்துக்கொண்டு, கண் தெரியாதவர்களும் தடவிப் பார்த்து அறிவதற்காக என்று ஒருவாறு விளக்கினார். அது உண்மையோ என்று அவருக்கே தெரியாது. ஹெர் யெகி சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். குறித்தது சண்முகலிங்கத்துக்குக் கலக்கமாயிருந்தது. இந்த நாட்டில் அவர் சொன்ன எதையாவது யாராவது எழுதினால், பிறகு அதைப் பற்றிக் கேள்வி வரும்.

வந்தது கேள்வியில்லை, காசு. அடுத்த புதன் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஹெர் யெகி ஒரு மெல்லிய துணிப்பொட்டலத்தோடு படியிறங்கி வந்து, கூடையைக் கவிழ்த்து அதில் குந்தினார். பொட்டலத்துக்குள் ஒரு செப்புக்காசு. அதற்கடுத்த புதன் இன்னொன்று. இப்படியே ஒன்றரை வருடம். உடுப்புத் தோய்க்கிற சாட்டில் சண்முகலிங்கம் சுவிஸ் சரித்திரம் முழுவதையும் அந்தச் சவர்க்கார வாசத்துக்குள் கேட்டு முடித்தார். ஜெர்மனில் கால்வாசிதான் விளங்கியது. மிச்சத்தைத் தன்பாட்டில் இட்டு நிரப்பிக்கொண்டார்.

முன்பு இங்கே கன்டோன் என்கிற ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு காசு. சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவன் மாட்டைப் பார்க்கிற நேரத்தை விடக் காசை நிறுக்கிற நேரம் கூட. பிறகுதான் எல்லாரும் ஒரு நாடாகி, 1850இல் எல்லாருக்கும் ஒரே காசு என்று சட்டம் போட்டார்கள். சட்டம் இருந்தது, அடிக்க ஆயத்தமான ஆலை இருக்கவில்லை. அதனால் ராப்பன் என்கிற சுவிஸ் சதத்தில் முதல் ஒன்றும் இரண்டும் பாரீசில் அடித்து வந்தன. நடுவில் சிலுவைக் கேடயம், அதற்கு மேலே இறகு செருகிய தொப்பி, பொடியாக ஓர் A. அந்த A தான் பாரீஸ்.

"அப்ப உங்கட நாட்டின்ர முதல் காசே வெளியில இருந்து எல்லை கடந்து வந்ததோ?" என்று தன் ஜெர்மனில் கேட்டார் சண்முகலிங்கம்.

"ஆமாம்."

"அதுக்குப் பேர்மிட் எத்தனை வருஷத்தில குடுத்தவங்கள்?"

ஹெர் யெகி சிரிக்கிறவர் இல்லை. அன்றைக்கு அவருடைய மூக்கு மட்டும் சிரித்தது. மூன்று வருடத்தில் ஒரு படிவமும் நிரப்பாமல் சண்முகலிங்கத்துக்கு இந்த நாட்டில் கிடைத்தது அந்த மூக்குச் சிரிப்பு ஒன்றுதான். அதற்காகவே புதன்கிழமைகளில் லீவு கேட்டு வாங்கிவந்தார். தோய்க்க உடுப்பில்லாத புதனில் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போனார்.

1986 ஐப்பசியில் ஹெர் யெகிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் வியாழக்கிழமை காலை சண்முகலிங்கத்தைக் கூப்பிட்டு, பூட்டுப் போட்ட மரப்பெட்டியையும் திறப்பையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சி. சனி பத்து மணிக்குப் பெட்டியை மண்டபத்துச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

"கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம் இருக்கு, என்னட்டத் தாறார்" என்று சண்முகலிங்கம் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"மற்றப் பதினொண்டும் காலையில வேலைக்குப் போகுதுகள் போல" என்றாள் சிவகலா.

வெள்ளிக்கிழமை காலை அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். நீல வெல்வெட்டில் பன்னிரண்டு குழி, பன்னிரண்டு காசு. நடுக்குழியில் 1850ஆம் ஆண்டு இரண்டு ராப்பன். ஹெர் யெகியின் தாயாருடைய ஜெபப் புத்தகத்துக்குள் கிடந்தது. ஒரு தேய்மானமும் இல்லை, தொப்பியின் இறகை எண்ணலாம். அதை மட்டும் அவர் ஒருநாளும் சண்முகலிங்கத்தின் கையில் கொடுத்ததில்லை, காட்டியதோடு சரி. நிலவறை வெளிச்சத்தில் தெரியாதது யன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. காசு கறுத்துப்போய்க் கிடந்தது. கறுப்புமில்லை, கோப்பி மண்டி நிறம்.

சண்முகலிங்கத்துக்கு மனம் பொறுக்கவில்லை. படியைக் கிழமைக்கு இரண்டுதரம் கழுவுகிற மனிதன், மெஷினின் வடிகட்டிக்குள் நூல் கிடந்தால் கடிதம் எழுதுகிற மனிதன், தன்னுடைய காசைக் கவனிக்க மறந்துவிட்டான். தனிக்கட்டை, அதிலும் வருத்தக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க வந்து பார்க்கப்போகிறது. அதே மேசையில், அன்று வெள்ளிக்கிழமையாதலால், சிவகலா மினுக்குவதற்கு எடுத்துவைத்த குத்துவிளக்கும் பழப்புளியும் உப்பும் இருந்தன.

இதற்குமேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிற்பாடு எத்தனையோ தரம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். அப்போதும் தோன்றவில்லை.

கால் மணித்தியாலம் தேய்த்தார். பெருவிரலால் வட்டமாக, பிறகு பழைய பல்லுத்தூரிகையால் இறகு இறகாக. கழுவித் துடைத்தபோது காசு பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

சிவகலா குளித்துவிட்டு வந்தாள்.

"என்ன செய்யிறியள்?"

"பாரும். இதைப் பாரும். மற்றப் பதினொண்டையும் எடுக்கப்போறன்."

"ஆற்ற புளியில? சூரிச்சில இருந்து கொண்டுவந்தது ஒரு பிடி. விளக்குக்குக் கொஞ்சம், நாளைக்குக் குழம்புக்குக் கொஞ்சம். உங்கட சினேகிதற்ற காசுக்கு ஆர் கணக்குப் பாத்தது?"

"ஒரு துண்டு தாருமன்."

"தரமாட்டன். அந்த மனுசன் உங்களை மினுக்கச் சொன்னவரோ?"

"சொல்லிச் செய்யிறதெண்டால் அது வேலை. சொல்லாமச் செய்யிறதுதான் சினேகம்."

"அப்ப உந்த விளக்கையும் சொல்லாம ஒருக்கா மினுக்குங்கோ" என்று சொல்லிப் புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கஞ்சத்தனம் பதினொரு காசைக் காப்பாற்றியது.

சனி பத்து மணிக்கு மண்டபத்தில் செயலாளர் பெட்டியைத் திறந்தார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. சண்முகலிங்கம் பாராட்டுக்குத் தயாராகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தம்மா நடுக்குழியைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு கதிரையைத் தேடி இருந்தார்.

"யார் இதைச் செய்தது?"

"நான்" என்றார் சண்முகலிங்கம். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அந்தம்மா நல்லவர். சத்தம் போடவில்லை, மெல்ல மெல்ல, சின்னச் சொற்களாகப் பார்த்துச் சொன்னார். செம்பு காலத்தோடு ஒரு தோல் போடும். பட்டினா என்று பெயர். நூறு வருடம் சேர்ந்து அந்தப் பழுப்பு நிறம் வரும். சேர்க்கிறவர்கள் பார்ப்பது அதைத்தான். தோலை உரித்தால் காசு இருக்கும், ஆனால் காசின் வயது போய்விடும். மினுக்கிய காசை ஒருவரும் நம்பமாட்டார்கள். இப்படித் தோல் கெடாத இரண்டு ராப்பன் இந்தச் சங்கத்திலேயே ஒன்றுதான் இருந்தது.

"திரும்பி வருமோ?" என்று கேட்டார் சண்முகலிங்கம்.

"எங்கள் காலத்தில் வராது" என்றார் அந்தம்மா. "நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுக்கட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா?"

"நானே சொல்லுறன்."

காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கால் அவரை வேலை செய்யும் உணவகத்தின் குசினிக்குக் கொண்டுபோனது. அங்கே மரக்கறி வெட்டுகிற குலேந்திரன் இருந்தான். எந்தப் பிரச்சினைக்கும் மருந்து வைத்திருப்பவன்.

"அண்ணை, இதுக்கோ முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்? முட்டை அவிச்சு மசிச்சு, காசோட ஒரு போத்தலுக்க போட்டு மூடினால் விடியிறதுக்குள்ள கறுக்கும். கந்தகம். பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்தானே."

"பழைய நிறம் வருமோ?"

"கிட்டமுட்ட வரும். மனுசன் வயித்தை வெட்டிக்கொண்டு கிடக்கிறார், பூதக்கண்ணாடி பிடிக்கப்போறாரே? ஒரு சின்னப் பொய் அண்ணை. ஆருக்கும் நட்டமில்லை."

குலேந்திரன் இரண்டு முட்டையை அவித்து உரித்தும் வைத்துவிட்டான். சண்முகலிங்கம் போத்தலை ஒரு கையிலும் காசை மறுகையிலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். மூன்று வருடத்துக்கு முன்பு, இதே மாதிரி விவரமான ஒருவனின் யோசனைப்படி, அகதி விண்ணப்பத்தில், உலகத்திலேயே இல்லாத மாமா ஒருவரைச் சேர்த்திருந்தார். சொந்தக் கதை போதாதாம், கொஞ்சம் மினுக்க வேண்டுமாம். அன்று தொடக்கம் அந்த மாமாவின் வயதையும் ஊரையும் மறக்காமல் வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு விசாரணையிலும் மாமாவைத்தான் கேட்டார்கள். நடந்த உண்மைகளை ஒருவரும் கேட்கவில்லை.

"வேண்டாம் தம்பி. எனக்கு ஒரு மாமாவே போதும்."

"எந்த மாமா?"

"மிளகுதூளை எடும்" என்றார். இருவரும் ஆளுக்கொரு முட்டையைச் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு ஹெர் யெகி தலையணையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஆஸ்பத்திரிச் சட்டையில் ஆள் பாதியாகத் தெரிந்தார். சண்முகலிங்கம் வரும்வழியில் பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் மறந்துபோய்விட்டன. கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டிலில் வைத்தார்.

ஹெர் யெகி காசை விளிம்பால் பிடித்துத் தூக்கினார். இனி எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான், ஆனாலும் விளிம்பால்தான் பிடித்தார். அதைப் பார்த்த சண்முகலிங்கம் தன் பெருவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"எதனால்?"

"பழப்புளி. உப்பு."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம்."

"தூரிகையா?"

"ஓம். பல்லுத்தூரிகை." பிறகு, எதையும் மறைக்கக்கூடாது என்ற வைராக்கியத்தில், "பாவிச்சது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஹெர் யெகி காசைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"நூற்று முப்பத்தாறு வருடம்" என்றார். "எத்தனை பேர் கையில் இருந்திருக்கும். ஒருவருக்கும் கழுவத் தோன்றவில்லை."

"எங்கட வீட்டில சாமி விளக்கை இப்பிடித்தான் மினுக்குவம். மதிப்பான சாமானெண்டால் மினுக்குவம். நீங்கள் படியை... கதவை..." ஜெர்மன் முடிந்துவிட்டது. "மன்னிக்கவும்" என்றார். அந்தச் சொல்லை அவர் அந்த நாட்டில் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். அர்த்தத்தோடு சொன்னது அன்றைக்குத்தான்.

"எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்றார் ஹெர் யெகி. "நீங்கள் போகலாம்."

வீட்டில் சிவகலா கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"என்ன சொன்னவர்?"

"போகச் சொன்னார்."

"அவ்வளவுதானோ? பேர்ன்காரனும் கடைசியில அதைத்தான் சொல்லப்போறான். பழகிக்கொள்ளுங்கோ." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, குழம்புக்கு வைத்திருந்த மிச்சப் புளியை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில், அவர் கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டாள். அன்றைய குழம்பு தேசிக்காய்ப் புளிப்பில்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கண்காட்சிக்குப் போகவில்லை. அடுத்த புதன் நிலவறைக்குப் போய்த் தனியே உடுப்புத் தோய்த்தார். மெஷின் இவ்வளவு சத்தம் போடும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அதற்கடுத்த திங்கள் ஹெர் யெகி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வியாழக்கிழமைக்காரி சொன்னாள். செவ்வாய் முழுவதும் கீழே கதவு திறக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தார். மணி அடிக்கவில்லை. கடிதப்பெட்டியில் கடிதமும் இல்லை. கடிதம் வராததற்காகக் கவலைப்பட்டது அவருக்கு அதுதான் முதல்தரம்.

"நான் வேணுமெண்டால் கொண்டுபோய்ப் போடட்டே?" என்றாள் சிவகலா புதன் காலையில், கூடையைப் பார்த்து.

"இல்லை, நானே போறன். என்ர நாள்."

ஹெர் யெகி அங்கே நின்றார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, நிலவறையின் சின்ன யன்னலடியில். யன்னல் ஓரத்தில் ஒரு துணி விரித்திருந்தது. அதற்குமேல் அந்த இரண்டு ராப்பன், இன்னும் வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டு.

"கூடையை வையுங்கள்" என்றார். "இங்கே ஈரம் இருக்கிறது, நீராவி இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சமும் வருகிறது. செம்புக்கு இது நல்லது."

"திரும்பவும் கறுக்குமோ?"

"பழையபடி வராது. ஆனால் ஒரு நிறம் வரும். ஒரு பக்கமே கிடந்தால் ஒரு பக்கம்தான் பிடிக்கும். கிழமைக்கு ஒருதரம் திருப்பிப் போடவேண்டும். கையால் அல்ல, துணியால்."

"எவ்வளவு காலம்?"

ஹெர் யெகி யோசித்தார். காசு விஷயத்தில் அவர் ஒருபோதும் பொய் சொல்லமாட்டார்.

"வெளியே காட்டக்கூடிய மாதிரி வருவதற்கு இருபது வருடம். அவசரப்பட்டால் பதினைந்து."

சண்முகலிங்கம் சிரிக்கப் பார்த்தார். "ஹெர் யெகி, என்ர பேப்பர் சித்திரை வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நான் இஞ்ச இருப்பனோ தெரியாது."

"அது பேர்ன்காரர்களுடைய வேலை" என்றார் ஹெர் யெகி. "இது உங்களுடைய வேலை. செய்தது நீங்கள்."

சண்முகலிங்கம் உடுப்பை மெஷினுக்குள் போட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்தார். ஹெர் யெகி அதில் மெதுவாக, வயிற்றுத் தையலுக்கு நோகாமல் குந்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய துணிப்பொட்டலத்தை எடுத்தார். அதை அவிழ்க்குமுன் சண்முகலிங்கத்தின் கைகளை ஒருதரம் பார்த்தார்.

"கையைக் கழுவினீர்களா?"

"கழுவினனான்."

"எதனால்?"

"சவர்க்காரத்தால்" என்றார் சண்முகலிங்கம். ஹெர் யெகியின் மூக்கு சிரித்தது.

உடுப்பு முடிந்து கூடையோடு வெளியே வரும்போதுதான் அவர் அட்டவணையைக் கவனித்தார். புதன்கிழமைக் கட்டத்தில் அவருடைய பெயர் பழையபடி பென்சிலில், பழையபடி வியாழனுக்குள் தலையை நீட்டிக்கொண்டு. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, கறுப்பு மையில், ஹெர் யெகியின் நிமிர்ந்த கையெழுத்தில்: காசைத் திருப்பிப் போடுதல்.

மேலே போய்ச் சிவகலாவிடம் சொன்னார்.

"ஆளுக்குப் பென்சில், வேலைக்கு மையோ?" என்றாள். "அப்ப நாங்கள் போனாலும் வேலை நிக்கும்."

"ஓம்" என்றார். "அதுக்காகவெண்டாலும் நிக்கவேணும்."

அடுத்த புதன் தோய்ப்பதற்கு உடுப்பு அவ்வளவாக இருக்கவில்லை. சண்முகலிங்கம் திரைச்சீலையைக் கழற்றினார்.